ரீச்சரின்ரை பிள்ளை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் முழங்கால் நோ இந்த மாதம் கொஞ்சம் பரவாயில்லை, திரும்பவும் சைக்கிள் ஓடத் தொடங்கிவிட்டார். மருமகனும் பேத்தியும் சுகம்தானே. அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்றாய், பிள்ளைக்குக் காதை மூடி அனுப்பு.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் கதைத்துக்கொண்டிருக்கும்போதே பேத்தி வந்து போனைப் பறிப்பாள், நீயும் "பிறகு எடுக்கிறன் அம்மா" என்பாய், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். இது பாதியில் விடுகிற கதையில்லை. ஆறுதலாக இருந்து வாசி.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை விடிய எழும்பிப் பார்த்தால், எங்கள் குடும்பக் குறூப்பில் நீ ஒரு குரல்பதிவு போட்டிருந்தாய். "யாழ்ப்பாணத்தில இருக்கிற எல்லாரும் கட்டாயம் கேளுங்கோ, பிள்ளையளை வெளியில விடாதேங்கோ" என்று கீழே எழுதியிருந்தாய். ஒரு பெண்ணின் குரல். மூச்சு வாங்குகிறது, அழுகிற மாதிரிக் கதைக்கிறா. கறுப்புக் கண்ணாடி போட்ட வான் ஒன்று திரிகிறதாம். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளுக்கு இனிப்பைக் காட்டி ஏற்றுகிறார்களாம். ஏற்கெனவே ஏழு பிள்ளைகளைக் காணவில்லையாம், சிறுநீரகத்தை எடுத்துவிட்டு றோட்டில் போடுகிறார்களாம். கேட்டதும் எனக்குக் கை விறைத்துப் போனது. நானும் நம்பினேன், மகள். எங்கள் வீட்டில் இப்போது சின்னப் பிள்ளை இல்லை. இருந்தும் எழும்பிப் போய்ப் படலைக்குக் கொளுக்கி போட்டுவிட்டு வந்தேன்.

பத்து மணிக்குள் அது எங்கள் ஒழுங்கை முழுக்கப் போய்விட்டது. நீ ஒருத்தி மட்டும் அனுப்பியதல்ல என்று எனக்குத் தெரியும். லண்டனில் இருந்தும் பிரான்சில் இருந்தும் அவரவர் சொந்தக்காரர் அனுப்பியிருந்தார்கள். ஆனால் சித்தி அதை மற்றவர்களுக்கு அனுப்பும்போது "ரீச்சரின்ரை மகள் கனடாவில இருந்து அனுப்பினது" என்று சேர்த்துத்தான் அனுப்பியிருக்கிறா. முப்பத்தொரு வருடம் நான் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். ரீச்சர் வீட்டிலிருந்து வந்த செய்தி பொய்யாக இராது என்று சனம் எடுத்துக்கொண்டது. இந்தக் கடிதத்தை நான் எழுதுவதற்கு முதற் காரணம் அதுதான்.

இரண்டு நாள் கழித்துச் சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்றாம் வீட்டு அம்மம்மாவின் பேரனை உனக்குத் தெரியும். தகப்பன் பிரான்சில், தாய் கொழும்பில் வேலை, பிள்ளை அம்மம்மாவோடு இருக்கிறான். ஐந்தாம் வகுப்பு, புலமைப்பரிசில் சோதனைக்குப் படிக்கிறவன். ரியூசன் முடிந்து வரும்போது ஒழுங்கை முடக்கில் சைக்கிள் செயின் கழன்று கவருக்குள் சிக்கிவிட்டது. இழுத்துப் பார்த்திருக்கிறான், வரவில்லை. மதிலோரம் குந்தியிருந்து அழுதிருக்கிறான். அந்த நேரம் பழைய இரும்பு வாங்குகிறவரின் பட்டா, அந்தச் சின்ன லொறி, வந்திருக்கிறது. "பழைய இரும்பு, பித்தளை, அலுமினியம், பற்றரி" என்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு மாதத்துக்கு இரண்டு தரம் எங்கள் பக்கம் வருகிறவர். பிள்ளை அழுவதைக் கண்டு வாகனத்தை நிற்பாட்டி, இறங்கி, செயினைப் போட்டுக் கொடுத்து, தோளில் தட்டி எழுப்பியிருக்கிறார். நடந்தது அவ்வளவும்தான்.

எதிர் வீட்டு மாடியில் நின்ற ஒருவர் கண்டது அந்தக் கடைசிப் பகுதியை மட்டும். தெரியாத ஆள், நிற்கிற வாகனம், அழுகிற பிள்ளை, தோளில் கை. "பிள்ளை பிடிகாரன்! பிள்ளை பிடிகாரன்!" என்று அவர் கத்தின கத்து எங்கள் குசினிவரை கேட்டது.

நான் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். போட்டது போட்டபடி ஓடினேன். போய்ச் சேரும்போது இருபது பேருக்குக் குறையாது. பட்டாவின் திறப்பைப் பறித்துவிட்டார்கள். அந்த மனிதரின் சேட்டுக் கழுத்துக் கிழிந்து தொங்குகிறது, உதடு வெடித்திருக்கிறது. ஒருவன் போனில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இன்னொருவன் கையில் கொட்டன். அவனுக்கு நான்தான் ஏடு தொடக்கினேன், மகள். விஜயதசமி அன்று என் மடியில் இருந்து அரிசியில் 'அ' எழுதின கை.

"பாருங்கோ ரீச்சர், பிள்ளையைப் பிடிச்சு இழுத்த அடையாளம்" என்று பிள்ளையின் தோளைக் காட்டினார்கள். வெள்ளைச் சேட்டில் நாலு விரல் கறுப்பாகப் பதிந்திருந்தது. பிள்ளையால் வாய் திறக்க முடியவில்லை, விக்கி விக்கி அழுகிறான். அந்த அழுகையையே சனம் சாட்சியாக எடுத்துக்கொண்டது.

எனக்கும் முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிள்ளையை இழுத்து என் சீலையோடு அணைத்துக்கொண்டேன். அப்போதுதான் அவன் கையைப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கக் கறுப்பு, நகக்கண் எல்லாம் கறுப்பு. அந்த மனிதரின் கையைப் பார்த்தேன், அதே கறுப்பு. மதிலில் சாய்த்திருந்த சைக்கிளிடம் போய்ப் பெடலைக் கையால் சுற்றினேன். சில்லுச் சத்தமில்லாமல் ஓடியது. "செயினை ஆர் அப்பு போட்டது?" என்று கேட்டேன். பிள்ளை அந்த மனிதரைக் காட்டினான். "இந்த மாமா" என்றான். அந்த இரண்டு சொல்லைத் தவிர வேறொன்றும் அவனுக்கு வரவில்லை.

சனம் ஒரேயடியாகக் கலையவில்லை. "ரீச்சருக்கு ஒண்டும் தெரியாது, முதல்ல உதவி செய்யிற மாதிரித்தான் வருவாங்கள்" என்று ஒருவர் பின்னால் நின்று சொன்னார். கொட்டனைப் பிடித்திருந்தவன்தான் முதலில் அதைக் கீழே போட்டான். பிறகு அப்பாவும் வந்து சேர்ந்து, திறப்பை வாங்கி, அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம்.

அன்று நான் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போக வெளிக்கிட்டிருந்தேன். மழை இருட்டினபடியால்தான் நின்றேன். அதை நினைக்க இப்போதும் அடிவயிறு பதைக்கிறது.

விறாந்தையில் இருத்திப் பிளேன்ரீ கொடுத்தேன். கை நடுக்கத்தில் கோப்பையும் தட்டும் ஒன்றோடொன்று அடிபட்டுக்கொண்டே இருந்தன. சோனகதெருப் பக்கம் இருக்கிறவராம். 1990 ஒக்டோபர் 30, முஸ்லிம் சனத்தைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்ன அன்று, அவருக்குப் பன்னிரண்டு வயது. புத்தளத்தில் வளர்ந்து, சண்டை முடிந்த பிறகு தகப்பனின் வளவுக்குத் திரும்பி வந்திருக்கிறார். எங்களைப் பற்றி ஒரு குறைச்சொல்லும் சொல்லவில்லை. பொலிசுக்குப் போவோமா என்று அப்பா கேட்டதற்கும் வேண்டாம் என்றார். போகும்போது மட்டும் சொன்னார்: "ரீச்சர், நான் பிள்ளையைத் தொட்டிருக்கக் கூடாது. எனக்கும் அந்த வயசில ஒரு மகன் இருக்கிறான், அழுதவுடன மனம் கேக்கேல்ல. இனித் தொடமாட்டன்."

அந்தச் சொல்தான் என்னை நித்திரை கொள்ள விடுவதில்லை.

அன்றிரவு அந்தக் குரல்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன், கட்டுரைக் கொப்பி திருத்துவதுபோல. எந்த இடம்? "நம்ம பக்கத்துல." எந்த நாள்? "நேத்து." பள்ளிக்கூடத்தின் பெயர் இல்லை. ஏழு பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்குக்கூடப் பெயர் இல்லை, தாய் தகப்பன் இல்லை. யோசித்துப் பார். இங்கே ஒரு பிள்ளை ஒரு மணித்தியாலம் பிந்தினாலே கோயில் ஒலிபெருக்கியில் சொல்லிவிடுவார்கள். சண்டை முடிவில் ஆமியிடம் கையளித்த பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளையும் கேட்டுத் தாய்மார் 2017 மாசியில் கிளிநொச்சியில் தெருவில் இருந்தார்களே, பிறகு எத்தனை வருடம் வெயிலிலும் மழையிலும் அப்படியே இருந்தார்கள். அப்படிப்பட்ட மண்ணில் ஏழு பிள்ளைகள் காணாமற்போய் ஒரு தாயின் குரலும் கேளாமல் இருக்குமா?

சிறுநீரகக் கதையும் அப்படித்தான். ஒருவருடைய சிறுநீரகத்தை இன்னொருவருக்கு வைப்பதென்றால் இரத்த வகை பொருந்த வேண்டும், திசு பொருந்த வேண்டும், சத்திரசிகிச்சைக் கூடமும் மயக்க மருந்து கொடுக்கிற வைத்தியரும் வேண்டும். வானுக்குள் வைத்து எடுத்துக்கொண்டு ஓடுகிற காரியமா அது?

அப்பா இன்னொன்றைக் கவனித்தார். "உது எங்கட ஊர்க் கதை இல்லை, வடிவாய்க் கேள்" என்றார். சரிதான். அந்தப் பெண் "குழந்தைங்க" என்கிறா, "வேன்" என்கிறா, "சாயங்காலம்" என்கிறா. பிள்ளையள், வான், பின்னேரம் என்று கதைக்கிற எங்களுக்கு அது ஏன் முதலிலேயே பிடிபடவில்லை? நாடகமும் படமும் பார்த்துப் பழகின காதுக்கு அந்தப் பேச்சு வித்தியாசமாகத் தெரியவில்லை. பயந்துபோன பிறகு ஆர் இதையெல்லாம் பார்க்கப் போகிறார்கள்.

அது தமிழ்நாட்டில் எப்போதோ சுற்றின பதிவாக இருக்க வேண்டும். 2018இல் இந்தியா முழுக்க இப்படியொரு அலை அடித்தது. மோட்டார்சைக்கிளில் வந்த இருவர் றோட்டில் நின்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற ஒரு வீடியோ வட்ஸ்அப்பில் போனது. அது உண்மையில் பாகிஸ்தானின் கராச்சியில் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அந்த இருவரும் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தக் கடைசித் துண்டை வெட்டிவிட்டுப் பரப்பினார்கள். அசாமில் இரண்டு இளைஞர்களை அடித்துக் கொன்றார்கள், மகாராஷ்டிரத்தில் ஒரே நாளில் ஐந்து பேரை. அதற்குப் பிறகுதான் ஒரே தடவையில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி வட்ஸ்அப்பில் கட்டுப்பாடு வந்தது. ஆனால் எங்கள் குடும்பக் குறூப்பில் மட்டும் நாற்பத்திரண்டு பேர். அந்த ஐந்தில் அது ஒன்று.

தமிழ்நாட்டில் நடந்தது உனக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். அதே 2018 மே மாதம், சென்னையில் இருந்து அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர், மலேசியாவில் இருந்து வந்த சொந்தக்காரரோடு திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிற குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் போயிருக்கிறார். வழி கேட்க நிறுத்திய இடத்தில் நின்ற பிள்ளைகளுக்குச் சொக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று ஊரே திரண்டு அடித்தது. அந்த அம்மா செத்துப்போனார்.

வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள், கார், குலதெய்வம், பிள்ளைகளுக்குச் சொக்லேட். நீ போன தடவை வந்தபோது ஒழுங்கைப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டுப் பை நிறையச் சொக்லேட் கொடுத்தாயே, மகள். இந்த ஒழுங்கையில் உன்னைத் தெரியும். மருமகனின் ஊர்ப்பக்கம் போய் வழி தெரியாமல் ஒரு சந்தியில் நின்று கொடுத்திருந்தால்?

எங்கள் சனத்தை நான் குறை சொல்லவில்லை. பிள்ளை பிடிகாரன் என்பது எங்களுக்குச் சோறு தீத்தச் சொல்கிற கதை மட்டுமல்ல. இந்திய ஆமி நின்ற 1989இல் அவர்களோடு நின்ற இயக்கக்காரர் றோட்டாலும் பஸ்ஸாலும் பெடியளைப் பிடித்துக்கொண்டு போய், மொட்டை அடித்து, கையில் துவக்கைக் கொடுத்தார்கள். உன் பெரிய மாமாவை ஒரு மாதம் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தோம். பிறகு வன்னியில், கடைசிச் சண்டைக் காலத்தில், தாய்மார் தங்கள் பிள்ளைகளைக் கிடங்கு வெட்டிப் புதைத்து வைத்த மாதிரி வைத்திருந்தார்கள். ஆட்களைக் கடத்திக்கொண்டு போன வெள்ளை வான் என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எழும்பி லைட்டை நிற்பாட்டுகிற வீடுகள் இங்கே இருக்கின்றன. பிள்ளையைப் பறிகொடுத்த இந்தச் சனத்திடம் வந்து "வான் ஒன்று திரியுது" என்று சொன்னால், ஆதாரம் கேட்டுக்கொண்டா நிற்கும்?

2011 ஓகஸ்டில் கிறீஸ் பூதம் என்று நாடு முழுக்க ஒரு பீதி வந்ததே, உனக்கு நினைவிருக்கும். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு பெண்களைத் தாக்க வருகிறார்கள் என்று, நாங்களும் இரவிரவாக முழித்திருந்தோம். நாவாந்துறையில் சனம் ஆரையோ துரத்திக்கொண்டு போய் ஆமிக் காம்ப் வாசலில் நின்றது. அன்றிரவு ஆமிக்காரர் வீடு வீடாகப் புகுந்து ஆண்களை அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். நூற்றுக்கு மேல் கைது, கை கால் முறிந்தவர்கள் போதனா வைத்தியசாலையில். அதே மாதம் புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரரைச் சனம் அடித்துக் கொன்றது. அந்தப் பீதிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் சனிக்கிழமை அந்த மனிதரின் கறுப்புக் கையைக் கண்டதும் பின்னால் ஒரு கிழவி "கிறீஸ்! கிறீஸ்!" என்று கத்தினா. பதினாலு பதினைந்து வருடம் அந்தச் சொல் அவவுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

இனி உன்னுடைய கதைக்கு வருகிறேன். பாதிதான் உனக்குத் தெரியும்.

1995 ஒக்டோபர் 30. முஸ்லிம் சனத்தைப் போகச் சொல்லிச் சரியாக ஐந்து வருடம், அதே நாள். பின்னேரம் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள், வலிகாமத்தை விட்டு எல்லாரும் தென்மராட்சிக்குப் போங்கள் என்று. உனக்கு நாலு வயது. அப்பா சைக்கிளை உருட்டினார், கரியரில் அப்பம்மா, ஹாண்டிலில் இரண்டு பாக். நான் தோளில் ஒரு மூட்டையோடு நடந்தேன், நீ என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாய். நாலைந்து லட்சம் சனம் ஒரே றோட்டில். செம்மணி தாண்டி நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்டப் போகும்போது மழை கொட்டியது. ஓரடி வைக்க அரை மணித்தியாலம். பக்கத்தில் நிற்கிறவரின் முகம் தெரியாத இருட்டு. ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்கு வழி விட்டு ஒதுங்கினோம். திரும்பினால் சீலைத் தலைப்பு மட்டும் கையில் இருக்கிறது.

எவ்வளவு நேரம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அப்பா மூன்று மணித்தியாலம் என்பார். கத்திக் கத்தித் தொண்டை அடைத்துவிட்டது. எல்லாரும் கத்துகிறார்கள், எல்லாரும் ஆரையோ தேடுகிறார்கள், உன் பெயரில் எத்தனை பிள்ளைகள். முன்னால் போகவும் ஏலாது, பின்னால் போகவும் ஏலாது. இரண்டு பக்கமும் தண்ணீர்.

அப்போது தூரத்தில் ஒரு ஆண்குரல் கேட்டது. "ரீச்சர்! ரீச்சரின்ரை பிள்ளை! ரீச்சர்!" என்று கூப்பிட்டுக்கொண்டே வருகிறது. உன்னிடம் பெயரைக் கேட்டிருக்கிறார், நீ சொல்லவில்லை. அம்மாவின் பெயர் என்னவென்று கேட்டிருக்கிறார், "ரீச்சர்" என்றிருக்கிறாய். ஊரில் எல்லாரும் என்னை அப்படித்தானே கூப்பிடுவார்கள், உனக்கு வேறு பெயர் தெரியாது. அந்த மனிதர் உன்னைத் தோளில் இருத்தி, தன்னுடைய யூரியாப் பாக்கை வெட்டி உன் தலையில் கொங்காணி போட்டு, சனத்துக்கு எதிராக, போன வழியே திரும்பி நடந்து வந்திருக்கிறார். அந்த நெரிசலில் முன்னால் போகவே ஏலாது, அவர் பின்னால் வந்தார். அவருடைய குடும்பம் எங்கே நின்றதோ, அவரைத் தேடி ஆர் அழுதார்களோ தெரியாது.

உன்னை என் கையில் தந்தார். முகத்தை வடிவாகப் பார்க்கவில்லை. "பிள்ளையின்ரை கையை விடாதேங்கோ தங்கச்சி" என்றார். பெயர் கேட்கவில்லை, கும்பிடக்கூட இல்லை. நிமிர்ந்து பார்க்கும்போது ஆளில்லை. மீசாலையில் பள்ளிக்கூடத்து வாங்குக்குக் கீழே படுத்திருந்த நாட்களில் அப்பா அவரைத் தேடித் திரிந்தார். கிடைக்கவில்லை.

முன்பின் தெரியாத ஆண், அழுகிற பெண்பிள்ளை, தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறார். இன்றைக்கு அதை ஒருவன் போனில் பிடித்து ஒரு குரலையும் சேர்த்து அனுப்பினால் என்ன ஆகும்? அவரும் "நான் தொட்டிருக்கக் கூடாது" என்று நினைத்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை ஆருக்கு எழுதுவேன்?

பிள்ளைகளுக்கு ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2015 மே மாதம் புங்குடுதீவில் பள்ளிக்கூடம் போன பிள்ளையை வழியில் மறித்துக் கொண்டுபோனார்கள். அந்தக் கொடுமைக்கு 2017 செப்டெம்பரில் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். அந்தத் தீவோடு தொடர்புடைய ஆட்கள். எங்கிருந்தோ கறுப்புக் கண்ணாடி வானில் வந்தவர்கள் இல்லை. என்னுடைய முப்பத்தொரு வருடத்தில் ஐந்தாறு பிள்ளைகள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள், சிலர் அழக்கூட இல்லை, கொப்பியில் ஒன்றும் எழுதாமல் இருந்தார்கள். ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் விட்ட பிறகும் வீட்டுக்குப் போகாமல் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே நின்றது. துடைத்த பலகையைத் திரும்பத் துடைத்தது. அந்தப் பிள்ளைகள் ஒருவரையும் தெரியாத ஆள் தொடவில்லை. எல்லாம் வீட்டுக்கு வந்து போகிறவன், தேத்தண்ணி குடிக்கிறவன், முறை சொல்லிக் கூப்பிடுகிறவன். அந்த வீடுகளிலும் "தெரியாத ஆக்களோட கதைக்காதை" என்று சொல்லித்தான் வளர்த்தார்கள்.

அதுக்குத்தான் 1929 என்ற இலக்கம் இருக்கிறது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், ஆரும் எடுக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். ஒன்றைக் கண்ணால் கண்டால் 119. இதெல்லாம் அந்தக் குரல்பதிவில் இருந்ததா? "எல்லாருக்கும் அனுப்புங்கள்" என்பது மட்டும் மூன்று தரம் இருந்தது.

நாவற்குழிக்குப் பிறகு ஒவ்வொரு தை மாதமும் புதுப் பிள்ளைகளுக்கு நான் முதலில் படிப்பித்தது எழுத்தில்லை. உன் முழுப்பெயர் என்ன, அம்மாவின் பெயர் என்ன, அப்பாவின் பெயர் என்ன, எந்த ஒழுங்கை. ஒவ்வொருத்தரும் எழும்பி நின்று சொல்ல வேண்டும். பேத்திக்கு உன் போன் இலக்கம் பாடமா? உன் முழுப்பெயர் தெரியுமா, இல்லை "மம்மி" மட்டும்தானா? உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை வைத்துக்கொள், ஆர் வந்து "அம்மா ஏத்திவரச் சொன்னவ" என்றாலும் அந்தச் சொல்லைக் கேட்கச் சொல். தொலைந்துபோனால் பிள்ளையோடு நிற்கிற ஒரு தாயிடம் போகச் சொல். ஆரையும் நம்பாதே என்று மட்டும் சொல்லி வளர்க்காதே, தொலைந்த பிள்ளைக்குக் கேட்க ஒரு ஆள் வேண்டும். வீட்டுக்கு வருகிறவரானாலும் பிடிக்காத மாதிரித் தொட்டால் உன்னிடம் சொல்லலாம், நீ ஏசமாட்டாய் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். இது எல்லாவற்றிலும் பெரியது.

பயந்துபோய் அனுப்பினாய் என்று எனக்குத் தெரியும். தூரத்தில் இருந்தால் பயம் இரட்டிப்பு, கையால் ஒன்றும் செய்ய ஏலாது, அனுப்பத்தான் முடியும். அடுத்த தரம் இப்படி ஒன்று வந்தால் முதலில் எனக்கு எடு. எங்களுக்கு இரவென்றாலும் எடு. நான் ஒழுங்கைக்குப் போய் விசாரித்துச் சொல்கிறேன். அப்புறம், உனக்கு அதை அனுப்பினவருக்கும் சனிக்கிழமை நடந்ததைச் சொல்லு. குடும்பக் குறூப்பிலும் நீயே போட்டுவிடு, நான் அனுப்பினது பிழையான செய்தி என்று. நான் போட்டால் அம்மா சொல்கிறா என்று போய்விடும், நீ போட்டால் அது வேறு.

அந்தப் பிள்ளை இப்போது ரியூசனுக்கு அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போகிறான். சைக்கிளைத் தொடுவதில்லை. கொட்டனோடு நின்றவன் ஒரு நாள் பின்னேரம் வந்து விறாந்தைப் படியில் இருந்துவிட்டு, ஒன்றும் கதைக்காமல் போனான்.

இரும்பு வாங்குகிறவர் மூன்று கிழமையாய் இந்தப் பக்கம் வரவில்லை. வருகிற ஞாயிறு ஒரு ஓட்டோ பிடித்துக்கொண்டு, இருக்கிற பழைய சாமான்களைச் சோனகதெருவுக்குக் கொண்டுபோய் நேரே கொடுத்துவிட்டு வருவோம் என்று அப்பா சொல்கிறார். ஓட்டை விழுந்த அலுமினியச் சட்டி இரண்டு, பழைய தண்ணீர்மோட்டர், யன்னல் கம்பி, இவ்வளவும் எடுத்து வைத்தாயிற்று. கோடிக்குள் உன்னுடைய பழைய லேடீஸ் சைக்கிளும் கறள்பிடித்துக் கிடக்கிறது, ஏ.எல். படிக்கப் போனாயே அது. செயின் இறுகிப்போய் அசையாது. உன்னைக் கேட்காமல் கொடுக்க எனக்கு மனமில்லை. ஞாயிறுக்கு முதல் பதில் சொல்லு.

அன்புடன்,
அம்மா
கொக்குவில்